பாய்லரை மாற்றும் முன் ஜன்னல்களை எண்ணுங்கள்

குவீன்ஸில் கோ-ஆப் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. போர்டில் ஓர் இடம் காலியானால் போதும், "நீங்க இன்ஜினியர்தானே, வாங்க" என்று இழுத்து உட்கார வைத்துவிடுவார்கள். சாஃப்ட்வேருக்கும் பாய்லருக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த கூட்டத்திலேயே மேனேஜிங் ஏஜென்ட் ஒரு காகிதத்தை நீட்டுவார்: லோக்கல் லா 97. கூடவே புது பாய்லருக்கான கொட்டேஷன் ஒன்றும் இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

நியூயார்க் நகரம் வெளிவிடும் கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்து போகிறது. அதைக் குறைக்க நகர மன்றம் 2019-இல் கொண்டுவந்த சட்டம் இது. 25,000 சதுர அடியைத் தாண்டிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு கார்பன்தான் என்று வரம்பு கட்டியிருக்கிறது. முதல் வரம்பு 2024-இல் தொடங்கியது. அது தாராளமானது, பெரும்பாலான கட்டடங்கள் அதற்குள் அடங்கிவிடும். அதனால்தான் பல போர்டுகள் "நமக்குப் பிரச்சினை இல்லை" என்று ஃபைலை மூடிவிட்டன. 2030-இல் குடியிருப்புக் கட்டடங்களுக்கான வரம்பு பாதியாகிறது. 2035-இலும் 2040-இலும் இன்னும் இறங்கி, 2050-இல் பூஜ்யத்தைத் தொடுகிறது. மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். ஒருமுறை கட்டினால் தீராது, வருஷா வருஷம் கட்ட வேண்டும்.

முதலில் உங்கள் கட்டடம் இதில் வருகிறதா என்று பாருங்கள். கட்டடத் துறை வெளியிடும் பட்டியலில் போரோ, பிளாக், லாட் எண்ணைக் கொண்டு தேடலாம். ஒரே லாட்டில் இரண்டு மூன்று கட்டடங்கள் சேர்ந்து 50,000 சதுர அடியைத் தாண்டினாலும் சட்டம் பொருந்தும். மூன்று மாடிக்கு மேற்படாமல், ஹீட்டிங்கையும் வெந்நீரையும் அந்தந்த வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளும் வரிசை வீடுகளுக்கு விலக்கு உண்டு. வாடகைக் கட்டுப்பாட்டு வீடுகள் அதிகம் உள்ள கட்டடங்களுக்கும் வழிபாட்டிடங்களுக்கும் வேறு பாதை இருக்கிறது. கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் அதைத் தனியாகக் கேட்டறிய வேண்டும்.

பரப்பளவில் ஓர் எச்சரிக்கை. வரித்துறைப் பதிவில் இருக்கும் சதுர அடியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வரம்பு என்பது பரப்பளவைப் பெருக்கி வருவது. கீழ்த்தளத்து லாண்டரி அறை, ஸ்டோர் ரூம், பாய்லர் அறை எல்லாம் கணக்கில் சேர வேண்டியவை. அவை விடுபட்டிருந்தால் உங்களுக்குச் சேர வேண்டிய அனுமதியை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். தரைத்தளத்தில் சூப்பர்மார்க்கெட்டோ கடையோ இருந்தால் அதற்கு வேறு வரம்பு. அதைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இனி கணக்குக்கு வருவோம். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு தாளில் முடிந்துவிடும். எரிவாயு ஒரு தெர்முக்கு 5.31 கிலோ கார்பன். இரண்டாம் எண் எண்ணெய் ஒரு காலனுக்கு 10 கிலோவுக்குச் சற்று மேல். மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு 2029 வரை 289 கிராம், 2030 முதல் 145 கிராம். குடியிருப்புக் கட்டடத்துக்கான வரம்பு ஒரு சதுர அடிக்கு 2029 வரை 6.75 கிலோ, 2030 முதல் 3.35 கிலோ.

ஒரு லட்சம் சதுர அடியில் நூறு வீடுகள் இருக்கும் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஹீட்டிங்குக்கும் வெந்நீருக்குமாக ஆண்டுக்கு 60,000 தெர்ம் எரிவாயு. மின்சாரம் 5 லட்சம் யூனிட். இதில் வீட்டுக்காரர்கள் தனித்தனியாக பில் கட்டும் மின்சாரமும் சேர்த்தி, சட்டம் அதையும் கட்டடத்தின் தலையிலேயே வைக்கிறது. இப்போதைய கணக்கு: எரிவாயு 319 டன், மின்சாரம் 144 டன், மொத்தம் 463 டன். வரம்பு 675. கவலை இல்லை. 2030-இல் அதே கட்டடம், அதே எரிப்பு: எரிவாயு 319, மின்சாரம் 72, மொத்தம் 391 டன். வரம்பு 335. மீறல் 56 டன். அபராதம் ஆண்டுக்குச் சுமார் 15,000 டாலர். இதே வெப்பத்தை எண்ணெயில் உண்டாக்கும் கட்டடமாக இருந்தால் மீறல் 180 டன்னைத் தாண்டும், அபராதம் ஏறக்குறைய 49,000 டாலர்.

அந்த 56 டன்னைத்தான் நான் திரும்பத் திரும்பக் காட்டுவேன். அது எவ்வளவு எரிவாயு? 10,600 தெர்ம். அதாவது இப்போது எரிப்பதில் 18 சதவீதம். 18 சதவீதம் குறைக்க ஒரு கட்டடத்துக்குப் புது பாய்லர் வேண்டுமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் வேண்டாம். தெர்ம் ஒன்றரை டாலர் என்று வைத்தால், அந்த 10,600 தெர்மின் விலையும் கிட்டத்தட்ட 16,000 டாலர். அபராதம் தவிர்ந்தது போக, பில்லிலும் அதே அளவு மிஞ்சுகிறது.

அந்த எரிவாயு எங்கே வீணாகிறது? ஜனவரியில், வெளியே 30 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் ஓர் இரவில் கீழே இறங்கி எதிர் நடைபாதையில் நின்று உங்கள் கட்டடத்தைப் பாருங்கள். எத்தனை ஜன்னல்கள் திறந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். எந்த மாடி, எந்த லைன் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய வீட்டு வரிசை) என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பத்து நிமிஷம் போதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கும் ஆடிட் அறிக்கை சொல்லும் முதல் விஷயத்தை அந்தத் தாள் உங்களுக்குச் சொல்லிவிடும்.

குவீன்ஸின் பழைய செங்கல் கட்டடங்கள் பலவற்றில் ஒற்றைக் குழாய் நீராவி ஹீட்டிங். நீராவி மேலே போவதும், குளிர்ந்து தண்ணீராகிக் கீழே வருவதும் அதே குழாயில்தான். நீராவி போக வேண்டுமானால் குழாயில் இருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். அதற்குக் கீழ்த்தளத்துப் பெரிய குழாய்களின் முனையில் காற்றுப்போக்கி வால்வுகள் இருக்கும். பல கட்டடங்களில் அவை துருவேறி அடைத்துப் போய் வருஷக்கணக்காகிறது. சில இடங்களில் யாரோ கழற்றி மூடி போட்டிருப்பார்கள். விளைவு, பந்தியில் முதல் வரிசையிலேயே சாம்பார் தீர்ந்துபோகும் கதைதான். பாய்லருக்குப் பக்கத்து லைன் வேர்த்துக் கொட்டும், கடைசி லைன் நடுங்கும். நடுங்குபவர் நகரத்தின் புகார் எண்ணான 311-க்குப் போன் செய்வார். கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பர் பயந்துபோய் பாய்லரைக் கூடுதலாக ஓட்டுவார். வேர்ப்பவர் ஜன்னலைத் திறப்பார். உங்கள் தாளில் விழுந்த குறிகள் இவைதான்.

சட்டம் கேட்கும் வெப்பம் அதிகமில்லை. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 முதல் இரவு 10 வரை, வெளியே 55 டிகிரிக்குக் கீழே போனால் வீட்டுக்குள் 68 டிகிரி இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை 62 டிகிரி. உங்கள் கட்டடத்தில் 78, 80 என்று இருக்கும் வீடுகள் எத்தனை என்று விசாரியுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யச் சொல்வேன். முதலில் கீழ்த்தளத்துப் பெரிய காற்றுப்போக்கிகள் அனைத்தையும் மாற்றுங்கள். விலை குறைவு, பலன் உடனே தெரியும். இதை விட்டுவிட்டு வேறெதைச் செய்தாலும் பாதிக் காசு தண்டம். அடுத்து ரேடியேட்டர்கள்: வேர்க்கும் வீடுகளில் ரேடியேட்டருக்கும் அதன் காற்றுப்போக்கிக்கும் நடுவே தெர்மோஸ்டாட் வால்வு பொருத்தலாம், அறை சூடேறியதும் அது காற்றை நிறுத்தி, நீராவி மேற்கொண்டு நுழையாமல் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைய வேண்டிய வேலை என்பதால் இழுக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு பாய்லர் அறைக்குள் போங்கள். பாய்லரின் மேல், வளைந்த சிறு குழாய் ஒன்றின் தலையில், சாம்பல் நிறத்தில் கையளவுப் பெட்டி ஒன்று இருக்கும். முகப்பில் ஒரு கீற்று, அதனுள் அளவுகோல், அளவுகோலில் ஒரு முள். நீராவி அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது அதுதான். ஒற்றைக் குழாய் அமைப்புக்கு 2 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போதும். முள் 5-இலோ 6-இலோ நின்றால், என்றோ ஒரு குளிர்காலத்தில் கடைசி லைன் வீட்டுக்காரரின் புகாருக்காக யாரோ திருகி வைத்தது என்று அர்த்தம். அழுத்தத்தை ஏற்றினால் கடைசி வீட்டுக்குச் சூடு போகும் என்பது நம்பிக்கைதான். காற்று வெளியேறாத குழாயில் அழுத்தம் ஏற ஏற எரிபொருள்தான் கூடுதலாகப் போகும். நீங்களே திருகாதீர்கள், பாய்லர் மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது கன்ட்ரோல். பழைய ஹீட்டிங் கன்ட்ரோல்கள் வெளியே எவ்வளவு குளிர் என்று மட்டும் பார்த்து பாய்லரை ஓட்டும். உள்ளே எத்தனை டிகிரி என்று அவற்றுக்குத் தெரியாது. வீடுகளில் கால்வாசிக்காவது வயர்லெஸ் சென்சார் வைத்து, அந்த அளவைப் பார்த்து பாய்லரை நிறுத்தும் கன்ட்ரோலுக்கு மாறுங்கள். மாறிய பிறகு, யார் வேண்டுமானாலும் பட்டனை அழுத்தித் தானியங்கியை ரத்து செய்யும் வசதியைப் பூட்டி வையுங்கள். இதில் சூப்பரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். புகார் வந்தால் திட்டு வாங்குபவர் அவர்தான். அறை வெப்பம் 70 என்று காட்டும் சென்சார் கணக்கு அவர் கையில் இருந்தால் அவருக்கும் அது தற்காப்பு.

கீழ்த்தளத்தில் உறையில்லாமல் கிடக்கும் குழாய்களுக்கு இன்சுலேஷன் போடுவதும் இதோடு சேர்ந்த வேலை. பழைய உறை இருந்தால் தொடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதைச் சோதித்து அகற்ற உரிமம் பெற்றவர்கள் வேண்டும். வெந்நீரையும் மறக்கக் கூடாது. ஜூலையில், ஹீட்டிங் தேவைப்படாத காலத்தில், குளிக்கும் தண்ணீருக்காக மட்டும் அந்தப் பெரிய பாய்லர் நாளெல்லாம் எரிந்து எரிந்து அணையும் கட்டடங்கள் ஏராளம். வெந்நீருக்குத் தனிச் சாதனம் வைப்பது அங்கே நல்ல முதலீடு.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால், சமன் தவறிக் கிடந்த கட்டடம் ஒன்றில் அந்த 18 சதவீதத்தின் பெரும்பகுதியை எட்டலாம் என்பது என் கணிப்பு. குறைந்ததா என்பதை பில் தொகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குளிர் குறைந்த வருஷத்தில் யாருடைய பில்லும் குறையும். குளிரின் அளவோடு ஒப்பிட்டுக் கணக்கிட இன்ஜினியரைக் கேளுங்கள்.

இனி உங்களைத் தேடி வரும் விற்பனையாளர்கள். புது கேஸ் பாய்லர் விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை வருஷம் உழைக்கும்? முப்பது என்பார். அப்படியானால் அது 2035-ஐயும் 2040-ஐயும் கடந்து, வரம்பு பூஜ்யமாகும் 2050-ஐயும் பார்க்கும். இருப்பது இன்னும் ஓடுமென்றால் ஓட்டுங்கள். எண்ணெயில் ஓடும் கட்டடங்கள் மட்டும் விதிவிலக்கு. அவை காத்திருப்பதில் பொருளில்லை. அதுவும் நான்காம் எண் எண்ணெய் எரிக்கும் கட்டடங்களுக்கு 2027 நடுவோடு நகரமே கதவை மூடுகிறது.

சோலார் நல்லதுதான், ஆனால் இந்தச் சட்டத்தின் கணக்கில் அதற்கு எடை குறைவு. 60 கிலோவாட் சோலார் ஆண்டுக்குச் சுமார் 70,000 யூனிட் தரும். 2030-இன் கணக்குப்படி அது 10 டன். 1,900 தெர்ம் எரிவாயுவைச் சேமித்தாலும் அதே 10 டன்தான். மின் பில்லுக்காக சோலார் போடுங்கள், லோக்கல் லா 97-க்காக என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் வாங்கி ஈடுகட்டலாம் என்பவர்களிடமும் கவனமாக இருங்கள்: மின்சாரத்தால் வரும் கார்பனை மட்டுமே அதில் கழிக்கலாம். உங்கள் பிரச்சினை எரிவாயுவில் இருக்கிறது.

மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப்தான் கடைசியில் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம். நம் உதாரணக் கட்டடம் முழுவதும் ஹீட் பம்புக்கு மாறினால், 2030 கணக்கில் ஹீட்டிங், வெந்நீர் கார்பன் இப்போதைய எரிவாயுக் கணக்கில் கால்வாசியாகக் குறைந்துவிடும். ஆனால் நியூயார்க் மின் கட்டணத்தில் எரிபொருள் செலவு கூடவும் கூடும், கட்டடத்துக்கு வரும் மின் இணைப்பின் திறனும் போதாமல் போகலாம். ஆகவே இப்போதே இன்ஜினியரை வைத்துத் திட்டம் மட்டும் போட்டு வையுங்கள். கூரையைப் பிரிக்கும்போதோ முகப்பு வேலைக்குச் சாரம் கட்டும்போதோ எதைச் சேர்த்துச் செய்யலாம் என்று அந்தத் திட்டம் சொல்ல வேண்டும். நடைபாதை மேல் கூரை போட்டுவிட்டு வருஷக்கணக்கில் பிரிக்காமல் இருப்பதுதான் நம் ஊர் வழக்கமாயிற்றே, அந்தக் காலத்தையாவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

வாசலில் ஒட்டியிருக்கும் ஏ, பி, சி, டி என்ற ஆற்றல் தர எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள். அது வேறு சட்டம், வேறு அளவுகோல். அதே வகைக் கட்டடங்களோடு ஒப்பிட்டுத் தரும் மதிப்பெண். 85-உம் அதற்கு மேலும் ஏ. கேஸில் ஓடும் 'ஏ' கட்டடம் 2030-இல் வரம்பை மீறலாம், மின்சார ஹீட்டிங் உள்ள 'டி' கட்டடம் தப்பிக்கலாம். ஆனாலும் அந்த எழுத்துக்கு அடிப்படையான ஆண்டுக் கணக்கை மே 1-க்குள் தாக்கல் செய்தே ஆக வேண்டும். தவறினால் காலாண்டுக்கு 500 டாலர். 50,000 சதுர அடிக்கு மேற்பட்டவை பத்தாண்டுக்கு ஒருமுறை ஆடிட்டும் செய்ய வேண்டும். பிளாக் எண்ணின் கடைசி இலக்கம் 6 என்றால் 2026, 7 என்றால் 2027.

வழக்கு நடக்கிறது, சட்டம் விழுந்துவிடும் என்று காத்திருந்தவர்கள் உண்டு. குவீன்ஸின் க்ளென் ஓக்ஸ் வில்லேஜ் கோ-ஆப் உள்ளிட்டவர்கள் தொடுத்த வழக்கில், மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2025 மே மாதம் நகரத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மாநிலச் சட்டம் இருப்பதால் நகரச் சட்டம் செல்லாது என்ற வாதம் எடுபடவில்லை.

காசுக்கு வழி இருக்கிறது. என்.ஒய்.சி. ஆக்சிலரேட்டர் என்ற நகரத் திட்டம் இலவசமாக ஆலோசனை தருகிறது. அங்கே விற்பனையாளர் யாரும் இல்லை, முதல் போன் அதற்குப் போடுங்கள். ஆடிட் செலவில் பங்கேற்க நைசெர்டா என்ற மாநில அமைப்பு இருக்கிறது. மின், எரிவாயு நிறுவனங்களின் ரிபேட்டுகளும் உண்டு; ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, போர்டுகள் அதிகம் அசட்டையாக இருக்கும் இடம். வரம்புக்குள் இருக்கும் கட்டடமும் ஆண்டுதோறும் மே 1-க்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அதன் பிறகு 60 நாள் சலுகை, அவ்வளவுதான். முதல் ஆண்டு என்பதால் 2025-இல் கேட்டவர்களுக்கு டிசம்பர் வரை நீட்டித்தார்கள். அதை வழக்கம் என்று எண்ண வேண்டாம். தாக்கல் செய்யாவிட்டால் சதுர அடிக்கு மாதம் அரை டாலர் வரை அபராதம். நம் உதாரணக் கட்டடத்துக்கு அது மாதம் 50,000 டாலர். வரம்பை மீறினால் ஆண்டுக்கு 15,000, காகிதம் கொடுக்காவிட்டால் மாதத்துக்கு 50,000. பொய்க் கணக்கு கொடுத்தால் 5 லட்சம் டாலர் வரை போகும். மின், எரிவாயுக் கணக்கு நிறுவனத்திலிருந்து நேரே போர்ட்ஃபோலியோ மேனேஜர் என்ற இணையக் கணக்கேட்டில் ஏறும்படி செய்யலாம். எண்ணெய் பில்களைக் கையால் ஏற்ற வேண்டும். அறிக்கையில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்டோ புரொஃபஷனல் இன்ஜினியரோ கையெழுத்திட வேண்டும். ஏப்ரல் கடைசி வாரத்தில் அவர்கள் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். ஜனவரியிலேயே ஒருவரைப் பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள்.